அவர்கள் மொழியில் சொல்லுங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வாரம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். அலுவலக உதவியாளர் ஒருவர் மேசையருகே வந்து, "மேடம், சார் உங்ககிட்ட பேசணுமாம், ரூமுக்கு வரச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பயமாகிவிட்டது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன பிழை விட்டேன்? எங்கள் ஊரில் ஒருவர் நம்மைப் பேசுகிறார் என்றால் ஏசுகிறார் என்று அர்த்தம். 'அப்பா பேசுவார்' என்ற இரண்டு சொல்லுக்குப் பயந்துதான் நான் வளர்ந்தேன். கிளை மேலாளரின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அவரோ சிரித்த முகத்துடன் உட்காரச் சொல்லி, அயனம்பாக்கத்தில் எனக்கு எடுத்துக் கொடுத்திருந்த வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ஏரிப் பக்கம் என்பதால் கொசுத் தொல்லை அதிகமா என்று விசாரித்தார். அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் என் முறை. என் குழுவிலிருந்த பர்வீனிடம் போய், "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. பக்கத்து நாற்காலியிலிருந்த தினேஷ் சட்டென்று திரும்பி, "மச்சான், மேடம் கதை சொல்லப் போறாங்களாம், வாங்கடா" என்று மற்றவர்களையும் கூப்பிட்டுவிட்டான். அவர்கள் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கதைக்க நினைத்தது, காப்புறுதிக் கோரிக்கைகளை, அதாவது இங்குள்ளவர்கள் சொல்லும் இன்சூரன்ஸ் கிளெய்ம்களை, சரிபார்க்கும் மென்பொருளில் இருந்த ஒரு பிழையைப் பற்றி. அதைச் சொல்லி முடித்ததும், "இவ்ளோதானா மேடம், நல்ல கதையா இருக்கும்னு பாத்தோம்" என்று தினேஷ் உதட்டைப் பிதுக்கினான். அன்றிலிருந்து எங்கள் குழுவில் கூட்டம் என்பதற்குப் பெயர் கதை.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும், பனிக்குள் இருந்து படிக்கும் என் சிநேகிதிகளுக்கும் என்னை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் அம்மாவோடு கனடாவுக்குப் போனவள். ரொறன்ரோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அந்த நிறுவனம் அம்பத்தூரில் ஒரு கிளை திறந்து, பாதி வேலையை இங்கே மாற்ற முடிவு செய்தபோது, அங்கிருந்து ஒருவர் வந்து இரண்டு வருடம் இருந்து பழக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் மேலாளர் கிரெக் என்னைக் கூப்பிட்டார். "உனக்கு அவர்கள் மொழி தெரியும் அல்லவா? உனக்கு வீடு திரும்புவது போல இருக்கும்" என்றார். உரும்பிராயிலிருந்து அம்பத்தூர் எவ்வளவு தூரம் என்று அவருக்கு விளங்கப்படுத்த நான் முயலவில்லை. கணவரும் மகனும் "போய்ட்டு வாங்கோ" என்றார்கள். அப்படித்தான் நான் மூன்றாவது ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன்.

இந்தத் தொழிலைப் பற்றி நன்றி இல்லாமல் எழுத எனக்கு மனமில்லை. கனடாவில் நான் முதலில் பார்த்தது கேக் பொதி செய்யும் தொழிற்சாலை வேலை. நாள் முழுக்க நின்று, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் என்னுடையது போல இருக்காது. பிறகு ஒரு கல்லூரியில் சேர்ந்து, மென்பொருள் சோதிப்பதைப் படித்து, வேலைக்குப் போன முதல் நாள், எனக்கென்று ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சுழலும் நாற்காலி. அதில் உட்கார்ந்து பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அம்மா கடைசிவரை முழுதாக நம்பவில்லை. "உனக்குச் சின்ன வயசில இருந்தே அதுதானே வேலை" என்பாள். அம்மாவுக்குப் பல் கட்டியது என் நிறுவனத்தின் காப்புறுதி. மகன் பிறந்தபோது வீட்டிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்ள விட்டதும் அதே நிறுவனம். என்ன சாதி, எந்தப் பள்ளிக்கூடம், அப்பா யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் கிடைக்காத ஒரு மரியாதையை அந்த நாற்காலி எனக்குத் தந்தது.

அதே நாற்காலியை ஒருநாள் பிடுங்கவும் செய்தார்கள். இப்போதைய நிறுவனத்துக்கு வருவதற்கு முன்பு நான் வேலை செய்த இடம் அது. ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மிக மென்மையான குரலில் ஒரு பெண் கதைத்தாள். நான் கெட்டிக்காரி, உழைப்பாளி, என்னில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வேலை இல்லை. ஒரு தாளை நீட்டி, ஒப்பம் வைத்தால் எல்லாம் சுமுகமாக முடியும் என்றாள். அவளுடைய குரலின் மென்மைக்கு மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு நான் ஒப்பம் வைத்தேன். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க எனக்கு உரிமை இருந்தது என்று ஒரு சிநேகிதி சொன்னபோது கிழமைகள் கடந்துவிட்டன. அம்மாவின் பல் வைத்தியம் பாதியில் நின்றது. அடுத்த வேலை கிடைக்கும்வரை அவள் சோற்றைக் கரைத்துக் குடித்தாள். ஒரு நாளும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அம்பத்தூருக்கு வருகிறேன். பழைய இரும்புப் பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் நடுவே கண்ணாடி போர்த்திய கட்டடம் எங்களுடையது. கீழே லாரியிலிருந்து இரும்புக் கம்பி இறக்கும் சத்தம் கேட்கும். மேலே நாங்கள் கனடாக்காரர்களின் ஆஸ்பத்திரிச் செலவுகளுக்கு எது செல்லும், எது செல்லாது என்று மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்போம். குழுவில் எனக்கு மிக நெருக்கமானவள் பர்வீன். பூந்தமல்லியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். அவருக்கு நெஞ்சுவலி வந்து கடையை மூடிய பிறகு பெற்றவர்களையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் குடும்பத்தில் அலுவலகம் போன முதல் பெண் அவள். "முதல்ல எங்க மாமியார் வேணாம்னுதான்க்கா சொன்னாங்க. கம்பெனி கார் வாசல்ல வந்து நின்னு ஏத்திக்கினு போறதைப் பாத்த அப்புறம் அவங்களே தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள். அவள் அத்தாவின் மருந்துக்கும் பரிசோதனைக்கும் நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதிதான் துணை. இதயத்தில் அடைப்பு இருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு நாளும் குறித்திருந்தார்கள்.

தினேஷ் திருமழிசைப் பையன். பூர்வீகமாக விவசாயம் செய்த குடும்பம். நிலம் போய், அப்பா அந்த ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் இயந்திரம் ஓட்டுகிறார். வேலை கிடைத்த புதிதில் தினேஷ் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பஸ்ஸில் ஊர் போவானாம். "எங்க நைனா பாக்கணும்னுதான் மேடம். அவுரு இன்னா வேலைடானு கேப்பாரு, எனக்குச் சொல்லத் தெரியாது. கார்டைக் காட்டுவேன். சிரிப்பாரு" என்பான். எனக்கும் அம்மாவுக்கும் இடையில் நடந்ததுதான் இது. மென்பொருள் வேலை எல்லா ஊரிலும் பெற்றவர்களுக்கு விளங்காமல்தான் இருக்கிறது போல.

ஆனால் கனடாவில் நான் அறியாத சில கசப்புகளை இங்கே பார்த்தேன். எங்கள் காலை, இவர்களுக்கு மாலை. வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில்தான் ரொறன்ரோ கண் விழித்துக் கூட்டம் கூட்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன செய்தாய் என்று கணினியில் எழுத வேண்டும். ஆட்களை ஆட்கள் என்று சொல்லாமல் 'ரிசோர்ஸ்' என்பார்கள். வருடக் கடைசியில், எல்லோரும் நன்றாக உழைத்திருந்தாலும், குழுவில் சிலருக்குக் கட்டாயம் குறைந்த மதிப்பெண் போக வேண்டும். அது மேலிடத்து விதி. அத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடுப்பு எடுத்திருந்தாள் என்பதால் பர்வீனின் மதிப்பெண்ணை மேலே இருந்து குறைத்து அனுப்பினார்கள். நான் எதிர்த்து எழுதினேன். பதில் வரவில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு கூட்டம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பர்வீன் தன் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. பேரீச்சம்பழம் அவள் கையில் இருந்தது. எதிர்முனையில் கிரெக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பதிலை முடித்து, ஒலிவாங்கியை அடைத்து, பழத்தை வாயில் வைத்தாள். அதற்குள் கிரெக், "பர்வீன், இருக்கிறாயா? கவனமாகத்தானே இருக்கிறாய்?" என்றார். அவள் அவசரமாக விழுங்கி, இருமி, "யெஸ், யெஸ் கிரெக், சாரி" என்றாள். நான் குறுக்கிட்டு விஷயத்தைச் சொன்னேன். கிரெக் உண்மையாகவே பதறிப்போனார். பல தடவை மன்னிப்புக் கேட்டார். மறுநாளிலிருந்து கூட்டத்தை மாற்றுவதாகச் சொன்னார். மாற்றவும் செய்தார், இரண்டு நாளைக்கு. மூன்றாம் நாள் வேறொருவர் பழைய நேரத்துக்கே அழைப்பு அனுப்பினார். பர்வீன் பூந்தமல்லிப் பள்ளிவாசல் கஞ்சியைக் குடுவையில் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் கணினிக்கு முன்னால் நின்றபடியே குடித்தாள். கெட்ட மனிதர் என்று ஒருவரைக் கைகாட்ட முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படி ஒருவரும் அங்கே இல்லை.

நான் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த ஒரு மாலை, கிரெக் என்னைத் தனியாக அழைத்தார். நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது. சோதிக்கும் வேலையைப் புதிய கருவிகள் செய்யும். அம்பத்தூர்க் குழுவில் பாதிப் பேரை நாளைக்கே அனுப்பப் போகிறார்கள். அனுப்புவது என்றால் நீக்குவது அல்ல. அவர்களே விலகுவதாக எழுதித் தரவேண்டும். மனிதவளப் பிரிவிலிருந்து நேஹா என்ற பெண் புனேயிலிருந்து வருகிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் கிளை மேலாளர் அதற்கு முன்பே வேறு இடம் போய்விட்டார். "நீ கூட இரு. நேஹா சொல்வதை அவர்கள் மொழியில் சொல்லு. சொந்த மொழியில் கேட்டால் அவ்வளவு வலிக்காது" என்றார் கிரெக். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். முதல் ஆள் யார் என்று கேட்டேன். பர்வீன் என்றார். இரண்டாவது தினேஷ்.

அன்று அயனம்பாக்கம் வீட்டுக்கு வந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொந்த மொழியில் கேட்டால் வலிக்காதாம். எனக்கு அந்த வெள்ளிக்கிழமைப் பெண்ணின் குரல் ஞாபகம் வந்தது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதை யாராவது யாழ்ப்பாணத் தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காதா? இன்னும் கூச்சப்பட்டிருப்பேன், இன்னும் வேகமாக ஒப்பம் வைத்திருப்பேன். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. போக மாட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள், மென்மையாகச் சொல்வார்கள். அதனால் போவது என்று முடிவு செய்தேன்.

நேஹா வயதில் மிகவும் இளையவள். அவளுக்கும் அது பிடித்த வேலை இல்லை என்பது அவள் பேனாவைத் திருகிக்கொண்டிருந்ததில் தெரிந்தது. பர்வீன் வந்து உட்கார்ந்தாள். நேஹா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். நிறுவனத்தின் புதிய பாதை, பர்வீனின் அருமையான பங்களிப்பு, இன்றே கையெழுத்திட்டு இன்றே விலகினால் நல்லபடியாகச் சான்றிதழ். பர்வீனுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் அவள் முகம் ஒன்றும் கேட்காதவள் முகம் போல ஆகிவிட்டது. நேஹா என் பக்கம் திரும்பி, தமிழில் சொல்லுங்கள் என்று சைகை செய்தாள்.

இங்கே சென்னையில் எல்லோரும் பேசும் தமிழில் வேலை சம்பந்தமான சொல் எல்லாமே ஆங்கிலம். ரிசைன், சைன், இன்சூரன்ஸ், நோட்டீஸ். அவற்றில் ஒன்றை நான் வாயால் சொன்னாலும் நேஹாவுக்கு விளங்கிவிடும். ஆகவே நான் உரும்பிராய்க்குப் போனேன்.

"பர்வீன், நான் சொல்லுறதைக் கேட்டு முகத்தை மாத்தாதேங்கோ. இந்தக் கடதாசியில இண்டைக்கு ஒப்பம் வைக்க வேண்டாம்."

"என்னக்கா வைக்க வேணாம்?"

"கையெழுத்து. இண்டைக்கே வைக்கோணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. நீங்களா விலகினா காப்புறுதி இண்டையோட நிண்டு போயிடும்."

அவள் குழம்பிப்போய்த் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "காப்பா?"

நேஹா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடமாக நான் இழக்காமல் வைத்திருந்த மொழி, வேண்டிய நேரத்தில் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றது. "அத்தாவுக்கு ஆஸ்பத்திரியில காசு கட்டுறாங்களே, அது. அவங்களா உங்களை நிப்பாட்டினா முன்கூட்டியே அறிவிக்கோணும், அதுவரைக்கும் அது இருக்கும். நீங்களா எழுதிக் குடுத்தா இண்டைக்குப் பின்னேரமே இல்லை. அத்தாட நெஞ்சை நினையுங்கோ" என்றேன்.

பர்வீன் என்னையே பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக அவளுக்குள் இறங்குவதை நான் கண்டேன். கண் நிறைந்தது, ஆனால் நான் கேட்டுக்கொண்டபடியே முகத்தை மாற்றவில்லை. "சரிக்கா" என்றாள். பிறகு நேஹாவிடம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், நான் இன்று கையெழுத்திடப் போவதில்லை, வீட்டில் கலந்துபேசிச் சொல்கிறேன் என்றாள். நேஹா என்னைப் பார்த்து, மொழிபெயர்ப்பில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். இல்லை, முழுவதும் விளங்கிவிட்டது என்றேன்.

தினேஷிடமும் அதையே சொன்னேன். அவனுக்கு இன்னும் வேகமாக விளங்கியது. அறையை விட்டுப் போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு பேர். அவர்களும் கையெழுத்து வைக்கவில்லை. ஐந்தாவது ஆளைக் கூப்பிடாமல் நேஹா கதவைச் சாத்தினாள். "நீங்கள் அவர்களிடம் என்னதான் சொல்கிறீர்கள்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டாள். நடந்தது அத்தனையையும் சொன்னேன். அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மிச்சப் பேரிடம் பேச வேறு ஒரு தமிழ் அதிகாரியைக் கொண்டுவந்தார்கள். அவர் நல்ல சென்னைத் தமிழில் மென்மையாகப் பேசினார். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

அன்று மாலை கிரெக் அழைத்தார். அவர் குரலில் கோபத்தைவிட மனக்கஷ்டம்தான் அதிகம் இருந்தது. "நான் உன்னை நம்பி அனுப்பினேன்" என்றார். "அவர்கள் மொழியில் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன்" என்றேன். என் இரண்டு வருடம் முடியும் முன்பே திரும்பி வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ரொறன்ரோவில் என் நாற்காலி இருக்குமா என்று கேட்டதற்கு, வந்த பிறகு கதைப்போம் என்று பதில்.

கையெழுத்து வைக்காதவர்களை நிறுவனம் உடனே அனுப்ப முடியவில்லை. முறைப்படி அறிவித்து, அந்தக் காலம் முடியும்வரை வேலையில் வைத்திருந்தார்கள். வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. பர்வீன் தினமும் வந்து, அணைந்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனாள். கார் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், அதனால் பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தாள். அந்தக் காலத்துக்குள் அவள் அத்தாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நிறுவனத்தின் காப்புறுதியே செலவைக் கட்டியது. சிகிச்சை முடிந்து அவர் கண் திறந்தார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அழைத்தபோது, அலுவலகக் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

இதோடு நிறுத்த முடிந்தால் நன்றாக இருக்கும். தினேஷின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்கு வேறு ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் புது இடத்தில் பழைய இடத்தைப் பற்றி விசாரித்தார்கள். தானாக விலகினான் என்று எழுதுவதற்குப் பதில், நீக்கப்பட்டான் என்று எங்கள் நிறுவனம் எழுதியது. புது நிறுவனம் கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நான் புறப்பட ஏற்பாடு செய்துகொண்டிருந்த வாரம் அவன் அலுவலக வாசலில் என்னைப் பார்க்க வந்து நின்றான். கழுத்தில் அட்டை இல்லை. டீ குடிக்கலாம் என்றேன், வேண்டாம் என்றான்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மேடம், எனக்குத் தெரியும். ஆனா இன்னா ஆச்சு பாத்தீங்களா? சைன் போட்ட பசங்கள்லாம் வேற வேலைல செட்டில் ஆயிட்டானுங்க. பர்வீன் அக்காவுக்கு அவங்க அத்தா கீறாரு, அவங்களுக்கு நீங்க சொன்னது கரெக்டு. எனக்கு இன்னா கீது? எனக்கு, வேலைய வுட்டுத் தூக்கிட்டோம்னு எழுதுன அந்த லெட்டர் ஒண்ணுதான் கீது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதையும் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான். "உங்க ஊரு ரூல் வேற மேடம், எங்க ஊரு ரூல் வேற. நம்ம பாஷைல சொன்னீங்கல்ல, அதான் யோசிக்காம நம்பிட்டேன்" என்றான். அதைச் சொன்னதும் அவனுக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். "பரவால்ல, பாத்துக்கலாம். ஊருக்குப் போய் ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். இப்போது அவன் திருமழிசையில் அப்பா வேலை செய்யும் தொழிற்கூடத்திலேயே கணினி வேலை பார்க்கிறான் என்று பர்வீன் சொன்னாள். நைனாவுக்கு இப்போது அவன் வேலை என்ன என்று விளங்கியிருக்கும். அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. அந்த அறையில் நான் வேறு மாதிரிச் செய்திருக்க வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். பர்வீனுக்கு ஒரு விடையும் தினேஷுக்கு ஒரு விடையும் வருகின்றன. இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை.

புறப்படுவதற்கு முந்தின கிழமை பர்வீன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் அத்தா மெலிந்து, வெள்ளைச் சட்டைக்குள் நெஞ்சில் தையலோடு, கட்டிலில் சாய்ந்திருந்தார். எழ முயன்றார், நான் தடுத்தேன். "நீங்க சிலோனா, கனடாவாம்மா?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, "அக்கா அம்பத்தூரு, அத்தா" என்று பர்வீன் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். எல்லோரும் சிரித்தோம். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நீக்கப்பட்டவள் என்ற வார்த்தை அவளையும் பின்தொடரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், அன்று அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது குமணன்சாவடிச் சந்திப்பில் இறங்கி ஆட்டோவுக்காக நின்றேன். நல்ல நெரிசல். இரண்டு பைகளும் கையில் ஒரு சிறுமியுமாக ஒருத்தி என்னிடம் வந்து, "யக்கா, ஆவடி பஸ்ஸு இங்க நிக்குமா?" என்று கேட்டாள். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக அந்த வழியில் போய் வந்திருக்கிறேன். "இங்க நிக்காதும்மா, அந்தாண்ட போங்க. அந்த மருந்துக்கடைக்கு முன்னாடி நிக்கும்" என்றேன். என் வாயில் அது எவ்வளவு இயல்பாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவள் ஒரு சந்தேகமும் இல்லாமல் பையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து மகன் ரொறன்ரோவிலிருந்து அழைத்தான். பள்ளிக்கூடம் புறப்படுகிற அவசரத்தில் இருந்தான்.

"அம்மா, எப்ப வீட்டை வாறீங்கள்?"

"வாறன் அப்பன், வாற கிழமை வெளிக்கிடுறன். சாப்பிட்டியா நீ? அங்க குளிரா கீதா?"

அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னம்மா இது, படத்தில வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறீங்கள்?"

பையைத் தூக்கிய பெண் நகராமல் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் மகனிடம் முதலில் சொன்ன ஊர்ச் சொற்கள் சில அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிறுமியை இழுத்துக்கொண்டு பக்கத்து வாழைப்பழ வண்டிக்காரரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் கையை நீட்டி எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையைக் காட்டினார். அதன் பிறகுதான் அவள் சாலையைக் கடந்தாள்.